பாலர் பள்ளிக்கு அனுப்பலாமா, இன்னும் ஒரு வருஷம் போகட்டுமா?



வருஷக் கடைசி நெருங்கிவிட்டால் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு இருமல், காய்ச்சல், வெட்டுக்காயத்தோடு ஒரு கேள்வியும் வந்து சேரும். "டிரஸ்ஸர் ஐயா, மகன் சிராங்கூன்லே இருக்கான். பேரனுக்கு வர்ற வருஷம் அஞ்சு ஆகுது. பாலர் பள்ளியிலே போடணும், கொண்டாந்து விடுங்கன்னு சொல்றான். பையனுக்குச் சட்டைப் பொத்தான்கூடப் போடத் தெரியாது. இன்னும் ஒரு வருஷம் எங்ககிட்டயே இருக்கட்டுமே, என்ன சொல்றீங்க?"

ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலே இது புதுசில்லை. நம் பிள்ளைகள் வேலைக்காகச் சிங்கப்பூர் போனார்கள். அங்கேயே நிரந்தரவாசம் வாங்கி, கல்யாணமும் செய்து, சிராங்கூன் ரோட்டுப் பக்கத்திலோ, தள்ளி ஈசூன், உட்லண்ட்ஸ் அடுக்குமாடிகளிலோ குடியிருக்கிறார்கள். புருஷன், பெண்சாதி இருவருக்கும் வேலை. கைப்பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு லீவு நாளில் வந்து பார்த்துப் போகிறார்கள். பிள்ளைக்கு நாலு, ஐந்து வயதாகும்போது இந்தக் கேள்வி எழும்புகிறது.

என் அபிப்பிராயத்தை மூடி மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை இன்னும் தயாராகவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், என்ன குறை என்று உடனே பாருங்கள். அதற்காக ஒரு வருஷம் வீட்டிலே வைத்துக்கொள்ளாதீர்கள். காது மந்தமான பிள்ளைக்கு ஒரு வருஷம் சும்மா கழிந்தால் காது திறந்துவிடாது. ரத்தம் குறைந்த பிள்ளைக்குக் காலண்டர் கிழிந்தால் ரத்தம் ஊறாது. பின்தங்கிய பிள்ளைதான் முதலில் போக வேண்டிய பிள்ளை என்பது என் கட்சி.

சிங்கப்பூர்க் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே ஜனவரி 2-ந் தேதியிலிருந்து அடுத்த வருஷம் ஜனவரி 1-ந் தேதி வரைக்கும் பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. 2021 ஜனவரி 2 முதல் 2022 ஜனவரி 1 வரை பிறந்த பிள்ளை என்றால் 2026-ல் பாலர் பள்ளி முதலாம் ஆண்டு, 2027-ல் இரண்டாம் ஆண்டு, 2028 ஜனவரியில் தொடக்கப்பள்ளி ஒன்றாம் வகுப்பு. 2003-ம் வருஷம் முதல் அமலில் இருக்கும் கட்டாயக் கல்விச் சட்டப்படி, சிங்கப்பூரில் வசிக்கிற குடியுரிமைப் பிள்ளை தொடக்கப்பள்ளிக்குப் போயே தீர வேண்டும். பாலர் பள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிற பேச்சு நம் வீடுகளில் வருகிறது. ஆனால் அங்கே அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் போகின்றன. நம் பிள்ளை மட்டும் ஆறு வயது முடிய லயத்திலே இருந்துவிட்டு நேரே ஒன்றாம் வகுப்பிலே நுழைந்தால் என்ன ஆகும்? வரிசையிலே நின்று, கையைத் தூக்கிக் கேட்டு, ஆங்கிலத்திலே பாட்டுப் பாடி இரண்டு வருஷம் பழகிவிட்ட பிள்ளைகளுக்கு நடுவே, முதல் நாளே எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு வருஷம் பொறுத்தது பிள்ளைக்கு இரக்கம் காட்டியதாக ஆகுமா, நீங்களே சொல்லுங்கள்.

"கிண்டர்கார்ட்டன்" என்பது ஜெர்மன் சொல். பிரோபெல் என்ற ஆசிரியர் 1840-ல் தம் பள்ளிக்கு வைத்த பெயர். பிள்ளைகளின் தோட்டம் என்று அர்த்தம். தோட்டத்திலே பிழைக்கிற நமக்கு இது விளங்காமல் போகாது. செம்பனை நாற்றைப் பையிலே ஒரு வருஷம் வாக்கில் வளர்த்து எடுத்து நடுகிறோம். பிஞ்சாக இருக்கிறதே என்று பையிலேயே போட்டு வைத்தால் வேர் சுருண்டு போகும் என்று நர்சரியிலே வேலை செய்கிற பெண்கள் எனக்குச் சொல்லித் தருவார்கள்.

அந்தக் காலத்திலே தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு சோதனை வைத்திருந்தார்கள். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வது. விரல் காதைத் தொட்டால் பள்ளிக்கூடம், தொடாவிட்டால் போய்விட்டு அடுத்த வருஷம் வா. பிறப்புப் பத்திரம் இல்லாத காலத்தில் வயதை மதிப்பிட அது உதவியது. சின்னப் பிள்ளைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஆறு வயது வாக்கில்தான் கை நீண்டு எட்டும். ஆக, சோதனை அர்த்தமில்லாதது அல்ல. ஆனால் அது கையின் நீளத்தைக் காட்டுமே தவிர, அந்தப் பிள்ளைக்குக் காது கேட்கிறதா, பயந்தால் யாரிடம் போய்ச் சொல்லும் என்பதைக் காட்டாது.

இப்போது காதைத் தொடச் சொல்வது போய், ஏ பி சி டி சொல்லச் சொல்கிற காலம். சிராங்கூன் பக்கத்திலே நாலு வயதுக்கே டியூஷன் வைக்கிற பெற்றோர்கள் இருக்கிறார்கள். பணத்தை வீணாக்க வேண்டாம். எழுத்தைச் சொல்லிக் கொடுப்பதற்குத்தானே அந்தப் பள்ளி இருக்கிறது? இன்னொன்றும் கேளுங்கள். சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு மதிப்பெண் சேர்க்கும் பரீட்சைகளையே 2019 முதல் எடுத்துவிட்டார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கே பரீட்சை இல்லாதபோது நாலு வயதுப் பிள்ளையை நாம் ஏன் வாட்ட வேண்டும்?

அப்படியானால் எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று. தனக்கு வேண்டியதைப் பிள்ளை அந்நிய ஆளிடம் எப்படியாவது தெரிவிக்கிறதா? "தண்ணி வேணும்", "ஒண்ணுக்கு வருது", "அவன் அடிச்சான்", "வயிறு வலிக்குது". இந்த நாலையும் வாயாலோ சைகையாலோ பாட்டி அல்லாத ஒருவரிடம் சொல்லத் தெரிந்தால் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, பல வீடுகளில் பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பாட்டி தண்ணீரை நீட்டிவிடுகிறார்கள். பிறகு பிள்ளை எதற்குப் பேச வேண்டும்?

அடுத்தது, சொன்ன வேலையைச் செய்கிறதா என்பது. "செருப்பைக் கழட்டி வச்சிட்டு, போத்தலை எடுத்துக்கிட்டு வா" என்று இரண்டு காரியத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். கையைக் காட்டாமல், கண்ணால் சாடை செய்யாமல் சொல்லுங்கள். நாலு வயதுப் பிள்ளை இதைச் செய்துவிடும். பகலிலே உடை நனைக்காமல் இருக்கிறதா, தானே அள்ளிச் சாப்பிடுகிறதா, ஓரிரண்டு மணி நேரம் பெரியவர்களை விட்டு இருக்கிறதா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். ராத்திரி படுக்கையை நனைப்பதை இந்தக் கணக்கிலே சேர்க்காதீர்கள். ஐந்து, ஆறு வயது வரைக்கும் அது சாதாரணம்.

ஆயாக் கொட்டகையிலே வளர்ந்த பிள்ளைக்கு இதிலே ஒரு லாபம் உண்டு. பத்துப் பிள்ளைகளோடு சண்டை போட்டு, ஆயாவிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை அது. அடுக்குமாடியிலே கைப்பேசியை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளையைவிட அது சீக்கிரம் பழகும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திரையைப் பார்ப்பது நாளைக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. நம் லயங்களிலும் இப்போது அந்த ஒரு மணி காலைச் சோற்றோடு முடிந்துவிடுகிறது.

எங்கள் தோட்டத்து விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். பாட்டி செம்பனையிலே உதிரிப்பழம் பொறுக்குகிறவர். மகன், மருமகள் சிராங்கூனில். பேரனை நாலு வயதில் அழைத்துப் போய் ஒரு பாலர் பள்ளியிலே சேர்த்தார்கள். மூன்று மாதத்திலே அங்கிருந்து பேச்சு வந்தது: பையன் கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னதைச் செய்வதில்லை, கொஞ்சம் மந்தம், இன்னும் ஒரு வருஷம் வீட்டிலே வைத்துப் பாருங்கள். பெற்றோருக்கு அவமானம். பையனைத் தோட்டத்துக்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பாட்டி அவனைச் சளிக்காக என்னிடம் அழைத்து வந்தார். பையன் வாயாலே மூச்சு விடுகிறான். எதைக் கேட்டாலும் என் வாயையே பார்க்கிறான். நான் அவன் முதுகுப் பக்கம் போய் நின்று, மெதுவான குரலில் "மிட்டாய் வேணுமா?" என்றேன். திரும்பவில்லை. நாலு வயதுப் பையன் மிட்டாய்க்குத் திரும்பாவிட்டால் அதிலே யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. விளக்கை வைத்துப் பார்த்தால் இரண்டு காது ஜவ்வும் மங்கிக் கிடந்தது.

அந்த ஜவ்வுக்குப் பின்னாலே நீர் கட்டியிருந்தது. சளி பிடித்து விட்டுப் பிள்ளைகளுக்கு இது வருவது ரொம்பச் சாதாரணம். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றிவிடும். வற்றாவிட்டால் பிள்ளை தண்ணீருக்கு அடியிலே இருந்து கேட்பது மாதிரி கேட்கும். வலி இருக்காது, சீழ் வராது, அதனால் வீட்டிலே யாருக்கும் தெரியாது. டீச்சர் ஒரு கூடம் நிறையப் பிள்ளைகளுக்கு நடுவிலே நின்று சொல்வது அவனுக்கு எட்டவேயில்லை. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். பெற்றோர் பாலிகிளினிக் வழியாகக் கே.கே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காதிலே சின்னக் குழாய் வைத்தார்கள். பையன் அதே வருஷம் வேறொரு பாலர் பள்ளிக்குப் போனான். இப்போது அவன் வீட்டிலே போடுகிற சத்தத்தைப் பற்றித்தான் மருமகள் முறையிடுகிறாள்.

(அந்த ஆஸ்பத்திரியின் முழுப் பெயர் கண்டாங் கெர்பாவ். மலாயிலே எருமைத் தொழுவம் என்று பொருள். சிராங்கூன் வட்டாரம் மாட்டுக் கொட்டில்களாக இருந்த காலத்துப் பெயர். 1966-ல் மட்டும் அங்கே 39,835 பிள்ளைகள் பிறந்தன, ஒரே ஆஸ்பத்திரியில் ஒரு வருஷத்தில் பிறந்த கணக்கில் அது உலக சாதனையாக இருந்தது. இன்றைக்குப் பேரப்பிள்ளைக்குப் பள்ளி தேடுகிற சிராங்கூன் தாத்தாமார்கள் பலர் அந்தக் கணக்கிலே அடக்கம். தேக்காவிலிருந்து நடந்தே போகிற தூரம்தான். "தூரம்" என்று சாக்கு சொல்ல வழியில்லை.)

ஆகவே டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கிற பிள்ளை, "ஆங்? ஆங்?" என்று திருப்பித் திருப்பிக் கேட்கிற பிள்ளை, முகத்தைப் பார்த்தால் மட்டும் பதில் சொல்கிற பிள்ளை, இவர்களை மந்தம் என்பதற்கு முன்னால் காதைச் சோதியுங்கள். கண்ணுக்கும் அப்படியே. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, தூரத்துப் பொருளைக் காட்டிக் கேளுங்கள். பிறகு மறு கண். ஒரு கண்ணை மூடினால் மட்டும் பிள்ளை கையைத் தட்டிவிட்டு அழுகிறதென்றால், மூடாத கண்ணிலே பார்வை குறைவாக இருக்கலாம். இதைச் சின்ன வயதிலே பிடித்தால்தான் சரிசெய்ய முடியும்.

ரத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சோர்ந்து போய், எதிலும் நாட்டமில்லாமல், கண் இமையின் உட்புறம் வெளுத்துக் கிடக்கிற பிள்ளைக்கு இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். இதற்கு வறுமைதான் காரணம் என்று நினைக்காதீர்கள். சிராங்கூனிலே வசதியாக இருக்கிற வீட்டிலும் பார்க்கலாம். நாலு வயதுப் பிள்ளை போத்தலிலே பாலைக் குடித்துக்கொண்டே இருக்கும், சோறு இறங்காது. நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் போனால் வயிறு நிறைந்துவிடுகிறது, பாலிலோ இரும்பு இல்லை. போத்தலை நிறுத்துங்கள். மீன், முட்டை, கீரை, பருப்பு கொடுங்கள். பூச்சி மருந்து கொடுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்றும் பாருங்கள்.

பேச்சைப் பற்றி ஒரு தப்பான யோசனை நம்மவர்களிடையே பரவி வருகிறது. பள்ளியிலே ஆங்கிலம், ஆகவே வீட்டிலே தமிழை நிறுத்திவிடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நிறுத்தாதீர்கள். இரண்டு பாஷை கேட்டு வளர்வதால் பிள்ளைக்குப் பேச்சுத் தாமதம் ஆகாது. தோட்டத்திலிருந்து போன பிள்ளை ஆங்கிலம் பேசுகிற டீச்சர் முன்னாலே ஒரு மாதம், இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருப்பதுண்டு. அதற்குள் அது காதிலே வாங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து தமிழிலே ஓயாமல் பேசுகிறதா? பயப்பட வேண்டாம். தமிழிலும் நாலைந்து சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பார்ப்பதில்லை, மற்றப் பிள்ளைகளோடு சேர்வதில்லை, முன்னே பேசிய வார்த்தைகளும் போய்விட்டன என்றால் அது வேறு. அந்தப் பிள்ளையைத் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சிங்கப்பூரிலே பிள்ளை பிறந்ததும் கொடுக்கிற சுகாதாரப் புத்தகத்திலே வயதுக்கு வயது பார்க்க வேண்டிய வளர்ச்சிக் குறிப்புகள் இருக்கின்றன, அதைக் கொண்டுபோங்கள். விசேஷக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பள்ளி வயதுக்கு முன்பே பயிற்சி கொடுக்கிற நிலையங்களும் அங்கே இருக்கின்றன. அங்கெல்லாம் இடத்துக்குக் காத்திருக்க வேண்டி வரும். நாம் வீட்டிலே ஒரு வருஷத்தை விழுங்கிவிட்டுப் போய் நிற்பது நல்லதல்ல.

தமிழைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்கிறேன். 2014 முதல் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சே பாலர் பள்ளிகளை நடத்துகிறது. குடிமக்கள், நிரந்தரவாசிகளின் பிள்ளைகள் சேரலாம். அங்கே தமிழையும் தாய்மொழியாகப் படிக்கலாம். மற்றவர்கள் நடத்துகிற பாலர் பள்ளிகள் எல்லாவற்றிலும் தமிழ் கிடைக்காது. சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்.

டிசம்பரில் பிறந்த பிள்ளையின் பெற்றோர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வகுப்பு. ஐந்து வயதிலே பதினோரு மாத வித்தியாசம் என்றால் ஆயுளிலே ஐந்திலொரு பங்கு. கனடாவிலே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து 2012-ல் வெளியிட்டார்கள். அங்கேயும் டிசம்பர் கடைசிதான் வகுப்புப் பிரிக்கிற கோடு. கவனம் நிற்காத துறுதுறுப்பு நோய் என்று முடிவு கட்டப்பட்டவர்களிலே, ஜனவரியில் பிறந்தவர்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்கள் 30 சதவீதம் அதிகம், பெண் பிள்ளைகள் 70 சதவீதம் அதிகம். டிசம்பரில் பிறந்தால் நோய் வருமா? வராது. சின்னவனைப் பெரியவனோடு நிறுத்தி அளந்ததால் வந்த வினை. அதனால் பள்ளியிலே பேசும்போது பிள்ளையின் பிறந்த தேதியை முதலில் சொல்லுங்கள். அடக்கமாக, ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "டீச்சர், இவன் டிசம்பர் பிள்ளை." இப்படிக் கேட்பது எதிர்த்துப் பேசுவதாக ஆகாது.

சில படித்தவர்கள் பின்லாந்தைக் காட்டுகிறார்கள். அங்கே ஏழு வயதிலேதானே பள்ளி, நாம் ஏன் அவசரப்பட வேண்டும் என்று. ஏழு வயது என்பது சரி. அதற்கு முந்திய ஒரு வருஷம் ஆயத்த வகுப்பு அங்கே 2015 முதல் கட்டாயம் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

பொறுத்து அனுப்ப வேண்டிய சந்தர்ப்பமே இல்லையா என்றால், உண்டு. பிள்ளை நோயிலிருந்து எழுந்திருக்கிறது, வீட்டிலே புதுக் குழந்தை பிறந்திருக்கிறது, அல்லது தோட்டத்தை விட்டுச் சிராங்கூனுக்குப் போய் நாலு நாள்தான் ஆகிறது என்றால் சில வாரம் பொறுங்கள். அம்மா முகமே புதுசாக இருக்கிற பிள்ளைக்கு அதே வாரத்தில் டீச்சர் முகத்தையும் காட்டினால் தாங்காது. ஜனவரியில் வகுப்பு என்றால் அக்டோபரிலேயே கொண்டுபோய் விடுங்கள், பாட்டியும் கூடப் போய் ஒரு மாதம் இருந்தால் நல்லது. ஒன்றாம் வகுப்பையே தள்ளிப் போட வேண்டிய பிள்ளைகளும் சிலர் உண்டு. அதை டாக்டர்கள் பார்த்து எழுதிக் கொடுத்து, கல்வி அமைச்சு தீர்மானிக்கிறது. பெரியப்பாவும் அத்தையும் கூடத்திலே உட்கார்ந்து தீர்மானிக்கிற விஷயம் அல்ல.

போகுமுன் ஊசிக் கார்டைத் தேடி எடுத்துக் கொடுத்தனுப்புங்கள். தட்டம்மை, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் தடுப்பூசி சிங்கப்பூரிலே சட்டப்படி கட்டாயம். தோட்டத்திலோ அரசாங்கக் கிளினிக்கிலோ போட்டதற்கு எழுத்திலே அத்தாட்சி வேண்டும். முதல் வருஷம் பிள்ளைக்கு ஏழெட்டுத் தடவை சளி பிடிக்கும், அதற்காகப் பள்ளியை நிறுத்தாதீர்கள். கை, கால், வாயிலே கொப்புளம் கண்டால் மட்டும் நிச்சயமாக அனுப்பக் கூடாது. 2000-ம் வருஷம் அந்த நோய் பரவிச் சிங்கப்பூரிலே பாலர் பள்ளிகளையே மூடினார்கள்.

கழிப்பறையையும் பழக்குங்கள். லயத்திலே குந்தி உட்கார்ந்து பழகிய பிள்ளைக்கு அங்கே நாற்காலி மாதிரி கழிப்பறை. கால் தரையிலே எட்டாது, விழுந்துவிடுவோம் என்று பயம். யாரிடமும் சொல்லாமல் அடக்கி அடக்கி மலம் இறுகிப் போய், வயிற்று வலி என்று பள்ளிக்குப் போக மறுக்கும். பிள்ளைக்குப் பள்ளி பிடிக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். வீட்டிலேயே காலுக்கு ஒரு பலகை போட்டு முன்கூட்டிப் பழக்கிவிட்டால் தீர்ந்தது.

முதல் நாள் பிள்ளை அழும். அழட்டும். கண் மறைவாக நழுவி ஓடாதீர்கள், "சாப்பிட்டு முடிச்சதும் வந்திடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வாசலிலே நில்லுங்கள். இரண்டு, மூன்று வாரம் அழுகை இருக்கலாம். ஒரு மாதம் தாண்டியும் சாப்பாடு இறங்காமல், தூக்கம் கெட்டு, உடம்பு இளைத்தால் என்னிடமோ அங்கே டாக்டரிடமோ அழைத்து வாருங்கள். பேரப்பிள்ளை சிராங்கூனிலே இருக்கிறது, இங்கே வர முடியாது என்கிறவர்கள் பிள்ளையின் பிறந்த தேதி, எடை, என்ன பேசுகிறது என்பதை ஒரு தாளிலே எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுத்தால் என் கைக்கு வந்துவிடும். அடுத்த இதழிலே பால் போத்தலும் பல் சொத்தையும் பற்றி எழுதுகிறேன்.